இரும்புக் கூட்டுக்குள் மரம் வைத்த இழைப்புளி: கார்த்திகையில் இறுக்கம், சித்திரையில் ஆட்டம்

காட்பாடி தச்சன் எழுதியது:

வணக்கம். காட்பாடியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல், கட்டில், சாமி அலமாரி, இதுதான் வேலை. அப்பா காலத்துத் தொழில். அவர் வைத்திருந்த இழைப்புளிகள் எல்லாம் மரத்தில் செய்தவை. கருவேலங்கட்டையில் பிளேடு நுனி வெளியே வரும் வாயை அவரே வெட்டி, அவரே ஆப்பு செதுக்கியவை. அதில் இரண்டு இன்றும் என் கையில் ஓடுகின்றன.

என்னைப் படுத்துவது வேங்கை மரம். ஒரு சாண் தூரம் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓட்டம், இந்தப் பக்கம் ஓடும், அடுத்த சாண் அப்படியே திரும்பிவிடும். கடையில் வாங்கிய வார்ப்பிரும்பு இழைப்புளியை எவ்வளவு தீட்டிப் போட்டாலும், ரேகை திரும்பும் இடத்தில் நார் பிய்ந்து குழி விழுகிறது. கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் சரிக்கட்டுகிறேன். தேய்த்த வேங்கைக்கும் இழைத்த வேங்கைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று மரவேலை செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இழைத்த பலகையில் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும்.

அதனால்தான் இன்ஃபில் இழைப்புளி செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். தெரியாதவர்களுக்காக: அடிக்கு ஒரு எஃகுத் தகடு, பக்கத்துக்கு இரண்டு எஃகுத் தகடு. மூன்றையும் புறாவால் மாதிரி விரிந்த பற்கள் வெட்டிக் கோத்து, சுத்தியலால் தட்டி இறுக்கிக் கூடாக்க வேண்டும். அந்தக் கூட்டுக்குள் கனமான மரத்தை நிறைத்து, அதன் சரிவில் தடித்த பிளேடை உட்கார வைக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் ஏர் என்ற ஊரில் ஸ்பியர்ஸ் என்பவர் 1840-களில் இந்த வகையை விற்கத் தொடங்கினார். பிறகு லண்டனில் நாரிஸ் கம்பெனி செய்தது. படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கம் போனது.

நான் செய்தது: அடித்தகடு 6 மில்லி, பக்கத்தகடு 5 மில்லி, இரண்டும் எம்.எஸ்., அதாவது மைல்ட் ஸ்டீல். நீளம் 220 மில்லி. பிளேடு 50 மில்லி அகலம், 5 மில்லி கனம், ஓ.எச்.என்.எஸ். எஃகு. சாய்வு 50 டிகிரி. ஹாக்ஸா பிளேடும் அரமும் மட்டுமே. மெஷின் எதுவும் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பட்டறையை மூடிவிட்டு உட்கார்ந்தால் பதினொன்று வரை. ஆவணியில் தொடங்கினேன், கார்த்திகையில் முடிந்தது.

உள்ளே வைத்த மரம் தோதகத்தி. வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது வாங்கிய கட்டில் கால். அறுபது வருஷமாவது ஆன மரம். வெட்டினால் ஊதா நிறத்தில் பொடி வருகிறது. அதை அரால்டைட் வைத்து ஒட்டி, பக்கத்துக்கு இரண்டு ரிவெட் அடித்தேன்.

கார்த்திகையில் முதல் முறை ஓட்டியபோது என்ன சொல்வது! வேங்கையில் எதிர் ரேகையிலும் சுருள் முழுசாக வந்தது. வெங்காயத் தோல் மாதிரி. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது சித்திரை முடியப் போகிறது. பின்பக்க மரத்துக்கும் பக்கத்தகட்டுக்கும் நடுவில் காகிதம் இரண்டு மடிப்பு நுழைகிறது. ஒட்டு ஒரு பக்கம் விட்டுவிட்டது. பிளேடு அதிர்கிறது, இழைத்த இடத்தில் அலை அலையாகக் கோடு விழுகிறது. அது போக, கோத்த பற்களில் இரண்டு இடத்தில் கறுப்புக் கோடு தெரிகிறது. முதலில் தெரியவில்லை, பாலிஷ் போடப் போட வெளியே வந்தது.

என் கேள்வி இதுதான். அறுபது வருஷத்து மரம் எப்படிச் சுருங்கும்? மரத்தை மாற்ற வேண்டுமா, கூட்டையே மாற்ற வேண்டுமா? கருங்காலி போட்டால் சரியாகுமா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


டூல்ரூம் பெரியவர், ராணிப்பேட்டை எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எதிர் ரேகையில் வேங்கையைச் சுருளாக எடுத்திருக்கிறீர்கள் என்றால் கூடு சரியாகத்தான் வந்திருக்கிறது. அதைத் தூக்கிப் போடாதீர்கள். கோளாறு மரத்தில் இருக்கிறது. மரத்திலும்கூட அல்ல, அதைப் பொருத்திய மாதத்தில் இருக்கிறது.

நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்தவன். ஓய்வு பெற்றபிறகு இதுவரை ஏழு இழைப்புளி செய்திருக்கிறேன். முதல் இரண்டும் கெட்டன. கெட்டதால்தான் மற்ற ஐந்தும் நிற்கின்றன.

பழைய மரம் அசையாது என்று எல்லாத் தச்சர்களும் சொல்வார்கள். நானும் நம்பினேன். பழைய மரம் சுலபத்தில் முறுக்காது, வெடிக்காது, அது உண்மை. ஆனால் காற்றில் ஈரம் இருந்தால் குடித்துக்கொள்ளும், காற்று காய்ந்தால் கக்கிவிடும். நூறு வருஷம் ஆனாலும் இது நிற்பதில்லை. நம் வீட்டுப் பழைய தேக்குக் கதவு ஐப்பசியில் நிலையில் பிடிக்கிறதா இல்லையா, அதே கதைதான். வெயில் சுட்டுச் சுருங்குகிறது என்று நினைக்காதீர்கள். சூடு மரத்தை நேராக ஒன்றும் செய்வதில்லை. அந்த நாட்களில் காற்று காய்ந்து கிடக்கிறது பாருங்கள், அதுதான் உறிஞ்சுகிறது. வேலூரில் இந்த இரண்டு ஓரமும் பலமாக இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரிக்கு மேல் காய்ந்த காற்று. ஐப்பசி, கார்த்திகையில் துணி மூன்று நாள் காயாது. லண்டன் பட்டறைக்குச் சரியாக இருந்த பொருத்தம் பாலாற்றங்கரையில் அப்படியே சரியாக இருக்காது.

நான் அளந்து வைத்திருக்கிறேன். 57 மில்லி அகலத்தில் இரண்டு தோதகத்தித் துண்டு, ஒரே கட்டையில் வெட்டியவை, வெர்னியரோடு (நுண்ணிய அளவு எடுக்கும் கருவி) ஒரு வருஷம் அலமாரியில் கிடந்தன. மே மாதத்தில் இரண்டும் 57.00. நவம்பர் கடைசியில் ஒன்று 57.35, இன்னொன்று 57.15. வித்தியாசம் அறுத்த விதத்தில். மரத்தின் வளையங்கள் அகலத்துக்கு இணையாகப் படுத்திருந்த துண்டு கூடுதலாக வீங்கியது. வளையங்கள் நெட்டுக்குத்தாக நின்ற துண்டு பாதிக்கும் குறைவாகவே அசைந்தது. எந்த மரத்துக்கும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான். உங்கள் கட்டில் காலின் முனையைப் பாருங்கள். வளையங்கள் அடித்தகட்டுக்கு இணையாகப் படுத்திருந்தால் நீங்கள் கூடுதலாக அசையும் பக்கத்தை அகலத்துக்கு வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இப்போது அதிர்வு. பக்கத்தில் காகிதம் நுழைகிற சந்து கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். பிளேடை அதிர வைப்பது அது இல்லை. மரம் அகலத்தில் குறைந்ததுபோல உயரத்திலும் குறைந்திருக்கும். பிளேடு உட்காரும் மரச்சரிவு, அடித்தகட்டின் வாயோரம் இருக்கும் இரும்புச் சரிவைவிடத் தாழ்ந்து போயிருக்கும். பிளேடு கீழே இரும்பு விளிம்பில் ஒரு கோட்டில் நிற்கிறது, நடுவில் கீழே ஒன்றும் இல்லை, மேலேயிருந்து லீவர் கேப், அதாவது பிளேடைத் திருகால் இறுக்கிப் பிடிக்கும் மூடி, அழுத்துகிறது. அழுத்தம் வெற்றிடத்தின் மேல் விழுந்தால் அதிராமல் என்ன செய்யும்? லீவர் கேப் திருகை இன்னும் இறுக்கினீர்களா? இறுக்கியிருப்பீர்கள். இறுக்கினால் பிளேடு வில்லாக வளைந்து அதிர்வு கூடும்.

பார்ப்பதற்கு வழி சுலபம். பிளேடின் முதுகில் பிரஷ்யன் ப்ளூ என்ற நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவி உட்கார வைத்து, லீவர் கேப்பைச் சும்மா இறுக்கி, எடுத்துப் பாருங்கள். நீலம் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் பிளேடு தொடுகிறது. வாயோரம் மட்டும் ஒரு கோடு ஒட்டியிருக்கும் என்று இங்கிருந்தே சொல்கிறேன்.

என் முதல் இழைப்புளி இதற்கு நேர் எதிராகக் கெட்டது. மரக்கடையில் நன்றாகக் காய்ந்தது என்று சொல்லிக் கொடுத்த துண்டை மே மாதத்தில் அடித்து இறுக்கமாக ஏற்றினேன். அவ்வளவு இறுக்கம், கொட்டாப்புளியால் தட்டித்தான் உள்ளே போனது. பெருமையாக இருந்தது. நவம்பரில் மரம் வீங்கிப் பக்கத்தகடு இரண்டையும் வெளியே தள்ளியது. தகடு அடியோடு கோத்திருப்பதால் அடித்தகடும் கூடவே வளைந்தது. சந்தை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்தால் நடுவில் 0.10 உள்ளே போனது. பிளேடு இருக்கும் இடத்தில் அடி மரத்தைத் தொடவே இல்லை. ஜனவரியில் தேய்த்து மட்டமாக்கினேன், மே மாதத்தில் அது மறுபடி எதிர்ப்பக்கம் போனது. அப்படி இரண்டு வருஷம் தேய்த்தேன். அடித்தகடு குறைந்ததுதான் மிச்சம்.

மூன்றாவதில் இருந்து இப்படிச் செய்கிறேன். மரத்தை மூன்று நான்கு மில்லி அதிகமாக வைத்து முரட்டாக அறுத்து, வேலை செய்கிற அதே அறையில் ஒரு வருஷம் முழுக்கப் போட்டு வைப்பேன். அக்னி நட்சத்திரம் ஒன்று, ஐப்பசி அடைமழை ஒன்று, இரண்டையும் அது பார்த்தாக வேண்டும். மாதம் ஒரு முறை ஒரே இடத்தில் அளந்து அந்த மரத்தின் மேலேயே பென்சிலால் எழுதி வைப்பேன். மிகக் குறைந்த அளவு தெரியும், மிகக் கூடிய அளவு தெரியும். அளவு இரண்டுக்கும் நடுவில் வரும் நாட்களில் பொருத்துவேன். என் வீட்டில் அது ஆடி கடைசி, இல்லாவிட்டால் தை. பொருத்தும்போது கையால் தள்ளினால் போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. சுத்தியலே வேண்டாம்.

அப்புறம், மரத்தின் எல்லா முகத்துக்கும், உள்ளே மறையப் போகிற முகத்துக்கும் சேர்த்து, அரக்கு பாலிஷ் மூன்று கோட் கொடுங்கள். ஒட்ட வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முனை ரேகைக்கு, அதாவது குறுக்கே அறுத்த முனை முகத்துக்கு, நான்கு ஐந்து கோட். ஈரம் போய்வருவதை அது நிறுத்தாது, மெதுவாக்கும். நாலு நாள் மழைக்கு மரம் ஓடிப்போய் வீங்காது.

ஒட்டு இரண்டு பக்கத் தகட்டோடும் போடாதீர்கள். அடித்தகட்டோடு மட்டும் ஒட்டி, பக்கத்துக்கு ரிவெட்டை நம்புங்கள். இரண்டு பக்கமும் ஒட்டினால் சுருங்கும்போது ஏதாவது ஒரு பக்கம் கட்டாயம் விடும். உங்களுக்கு விட்டது அப்படித்தான்.

பிளேடு படுக்கைக்கு நான் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. மரச்சரிவின் மேல்பக்கம், லீவர் கேப்பின் மேல்முனை வருகிற நேரில், ஒரு பித்தளைப் பட்டையைக் குறுக்கே வைத்துப் பக்கத்தகடு இரண்டோடும் ரிவெட் செய்துவிடுவேன். 10 மில்லி அகலம், 5 மில்லி கனம். அந்தப் பட்டையையும் வாயோர இரும்புச் சரிவையும் ஒரே மட்டமாக அரம் போட்டு, ப்ளூ வைத்துச் சுரண்டி எடுப்பேன். நடுவில் இருக்கும் மரத்தை ஒரு மயிரிழை தாழ்த்தி விட்டுவிடுவேன். பிளேடு கீழேயும் இரும்பு, மேலேயும் பித்தளை. மரம் வீங்கினாலும் சுருங்கினாலும் பிளேடுக்கு அது தெரியாது. லீவர் கேப்பின் கீழ்நுனி மட்டும் வாயோரச் சரிவின் மேலேயே அழுத்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து இழைப்புளியிலும் இந்தப் பட்டை உண்டு. ஆறு வருஷமாக ஒன்றும் அதிரவில்லை.

கருங்காலி போட்டால் சரியாகுமா என்று கேட்டீர்கள். அதுவும் அசையும் தம்பி. கனமான மரம் எல்லாம் அசையாத மரம் என்று எண்ண வேண்டாம். உங்கள் தோதகத்தியே நல்ல மரம். வளையம் நெட்டுக்குத்தாக வருகிற மாதிரி அதே காலில் இன்னொரு துண்டு கிடைக்குமா பாருங்கள்.


குடியாத்தம் மரவாடி எழுதியது:

பெரியவர் சொன்னதற்கு மேல் செய்முறையில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மரத்தைப் பற்றி மட்டும். நாங்கள் பழைய வீட்டு மரம் வாங்கி விற்பவர்கள், இரண்டு தலைமுறையாக.

தோதகத்தி புதிதாக வாங்கப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் அந்த மரத்துக்கென்றே 1994-இல் தனிச் சட்டம் வந்தது. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்பதை வெட்டக்கூட அனுமதி வாங்க வேண்டும் என்று அது சொன்னது. பழைய வீட்டுச் சாமான் வாங்கினாலும் யாரிடம் வாங்கினோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செம்மரம் கனமாக, அழகாக இருக்கிறதே என்று சித்தூர்ப் பக்கத்திலிருந்து யாராவது துண்டு கொண்டுவந்து நீட்டினால், காகிதம் இல்லாமல் கையால் தொடவே வேண்டாம். ஒரு இழைப்புளிக்காக வழக்கில் மாட்டக்கூடாது.

நம் ஊரிலேயே இதற்குப் பொருத்தமான மரம் இருக்கிறது. புளியமரத்தின் வைரம். வெளிமரம் வெளுப்பாக இருக்கும், பூச்சி விழும், அதை முழுக்கத் தள்ளிவிடுங்கள். நடுவில் காப்பிக்கொட்டை நிறத்தில் வருகிற வைரம் மட்டும். வயதான மரத்தில்தான் அது கிடைக்கும், அதுவும் கொஞ்சமாகத்தான். கறிக்கடைக் கட்டை ஏன் புளியில் போடுகிறார்கள் என்று யோசியுங்கள், அவ்வளவு வெட்டு வாங்கியும் சிம்பு எழும்பாது. இன்னொன்று ஆச்சா. தண்ணீரில் போட்டால் மூழ்கும். ரம்பம் சீக்கிரம் மழுங்கும், ஆனால் ஒரு முறை அரத்தால் மழித்துப் பாலிஷ் போட்டால் கரும்பழுப்பில் கல் மாதிரி நிற்கும்.

எங்கள் ஊரில் கைத்தறியை விட்டவர்கள் தறியைப் பிரித்து விறகுக்கு எடை போடுகிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது. அதில் துணி சுற்றும் உருட்டுமரத்தைத் தேடுங்கள். முப்பது நாற்பது வருஷம் வீட்டுக்குள்ளேயே, கைபட்டு, வழவழப்பாகக் கிடந்த மரம். எல்லாத் தறியிலும் நல்ல மரம் இருக்காது, நகத்தால் கீறிப் பார்த்து எடுங்கள்.

செக்கு மரம் மட்டும் வேண்டாம். பழைய வாகைச் செக்கு கனமாக, கறுப்பாக ஆசை காட்டும். உள்ளே வரை எண்ணெய் ஊறியிருக்கும். எந்த ஒட்டும் பிடிக்காது, பாலிஷும் நிற்காது. ஒருவர் வாங்கிப்போய் மூன்று மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்.


காட்பாடி தச்சன் எழுதியது:

ஐயா, ப்ளூ வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே. வாயோரம் ஒரே ஒரு கோடு, தலைப்பக்கம் இடது மூலையில் ஒரு புள்ளி. நடுவில் சுத்தமாக எதுவும் இல்லை. லீவர் கேப்பை இறுக்கியதும் உண்மை. இடுக்கி வைத்து இறுக்கினேன்.

கட்டில் காலின் முனையையும் பார்த்தேன். வளையங்கள் படுத்துத்தான் இருக்கின்றன. அந்தக் கால் மழைக்காலம் முழுக்க மோட்டார் ரூம் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. அங்கே சுவரே ஈரமாக இருக்கும். நான் பழைய மரம்தானே என்று இருந்துவிட்டேன்.

குடியாத்தம் அண்ணா, தறி மரம் பற்றிச் சொன்னதற்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

இன்னும் மூன்று கேள்வி. பற்களில் தெரியும் கறுப்புக் கோட்டை இப்போது சரி செய்ய முடியுமா? பிளேடைத் தெரிந்த கொல்லர் பட்டறையில் கொடுத்துத் தோய்ச்சல் போட்டு வாங்கினேன். கூர்மை நன்றாக வருகிறது, ஆனால் வேங்கையில் இருபது முப்பது இழுப்பு ஓட்டினால் நுனி பொடிப் பொடியாக உதிர்கிறது. சூரிய வெளிச்சத்தில் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி. ஏன்? அப்புறம், நாரிஸ் இழைப்புளியில் இருப்பதுபோல் திருகு வைத்துப் பிளேடை ஏற்றி இறக்கும் அமைப்பு வைக்க வேண்டுமா?


டூல்ரூம் பெரியவர், ராணிப்பேட்டை எழுதியது:

பிளேடில் தொடங்குகிறேன், அதுதான் சுலபம். தோய்ச்சல் போட்டவர் அதோடு நிறுத்திவிட்டார். எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமுக்கினால் கண்ணாடி மாதிரி ஆகும். கடினம் இருக்கும், உறுதி இருக்காது. அதைத் திரும்ப மிதமாகச் சுட்டு இளக்க வேண்டும். வீட்டில் கேக் சுடும் ஓவன் இருந்தால் போதும். பிளேடை நன்றாகத் தேய்த்து வெள்ளையாக்கி, 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி ஒரு மணி நேரம். வைக்கோல் நிறம் வரும். காய்ந்த வைக்கோல், பழுப்பு அல்ல. பழுப்புக்குப் போனால் இளகிவிட்டது என்று அர்த்தம். ஓவனில் உள்ள முள்ளை நம்பாதீர்கள், தனியாக ஒரு தெர்மாமீட்டர் உள்ளே வையுங்கள். அதன்பிறகு நுனியில் ஒரு மில்லி அளவுக்குச் சாணையில் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகத் தீட்டுங்கள். ஓரத்தில் கருகியிருந்த எஃகு அதோடு போய்விடும்.

அடுத்த பிளேடை நீங்களே தோய்ச்சல் போடலாம். ஓ.எச்.என்.எஸ். என்பதே எண்ணெயில் கடினமாகிற, அளவு மாறாத எஃகு என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் அமுக்கினால் வெடிக்கும். காந்தம் ஒட்டாமல் போகும் வரை காய்ச்ச வேண்டும், அது சுமார் 770 டிகிரி. அதற்கு மேல் இன்னும் ஒரு சாயல் சிவப்பு, 800-ஐத் தொடுகிற அளவு. சாயங்காலம் வெளிச்சம் குறைந்த பிறகு செய்தால் நிறம் ஏமாற்றாது. எண்ணெயில் நேராக, நெட்டுக்குத்தாக இறக்க வேண்டும், படுக்கப் போட்டால் வளையும். பக்கத்தில் எண்ணெய்ச் சட்டியை மூட ஒரு இரும்பு மூடி கட்டாயம் இருக்க வேண்டும், தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது.

பற்கள். கறுப்புக் கோட்டுக்குக் காரணம், தட்டிப் பரத்த அங்கே இரும்பு மிச்சம் இல்லை. கோக்கும்போது ஒவ்வொரு பல்லும் எதிர்த் தகட்டைத் தாண்டி ஒன்று, ஒன்றரை மில்லி வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த நீட்டல்தான் சுத்தியல் அடியில் வழிந்து, எதிர்ப்பல்லின் விரிவுக்குள் போய் நிறைகிறது. நீங்கள் அரை மில்லிதான் விட்டிருப்பீர்கள். பக்கத்திலிருந்து பார்த்தாலும் புறாவால், அடியிலிருந்து பார்த்தாலும் புறாவால் என்று இரண்டு பக்கமும் விரிந்து நிற்கிற அந்தப் பூட்டுக்கு ஆதாரமே இந்த மிச்ச இரும்புதான். அதனால்தான் அது எந்தப் பக்கம் இழுத்தாலும் கழலாது.

இப்போது செய்யக்கூடியது: எப்படியும் மரத்தை வெளியே எடுக்கப் போகிறீர்கள். எடுத்தபிறகு கூட்டுக்குள் அச்சாக ஒரு எஃகுக் கட்டையை இறுக்கமாக நிறுத்துங்கள். கோட்டை ஒட்டி, அரை மில்லி தள்ளி, முனை மழுங்கிய பஞ்ச் வைத்து வரிசையாக அடித்தால் இரும்பு கோட்டை நோக்கி நகர்ந்து மூடும். பிறகு அந்தப் பக்கம் முழுக்க 0.2 மில்லி அரம் போட்டு எடுங்கள், பஞ்ச் தடம் போய்விடும். 5 மில்லித் தகடு அதைத் தாங்கும். மரம் உள்ளே இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. அடித்தகட்டுப் பக்கம் கோடு இல்லையென்றால் அங்கே தொடாதீர்கள். தட்டத் தட்டத் தகடு நீளும், அடி வில்லாகும், மறுபடி கிரானைட் கல்லில் எமரி ஒட்டித் தேய்த்து மட்டமாக்க வேண்டியிருக்கும்.

அடுத்த கூட்டுக்குப் பக்கத்தகட்டைப் பித்தளையில் போட்டுப் பாருங்கள். பித்தளை சுத்தியலுக்கு அழகாக வழியும். மஞ்சளும் வெள்ளையுமாகப் பல் தெரிவது தனி அழகு.

திருகு அமைப்பு வேண்டாம் என்பேன். நாரிஸ் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1913-இல். ஒரே திருகு ஏற்றி இறக்கவும் செய்யும், பிளேடைச் சாய்க்கவும் செய்யும், நல்ல வேலைப்பாடு. அதற்கு முன் எழுபது வருஷம் ஸ்பியர்ஸ் இழைப்புளிகள் சின்னச் சுத்தியல் தட்டலில்தான் ஓடின. உங்கள் அப்பாவின் கருவேல இழைப்புளியை எப்படிச் சரி செய்கிறீர்கள்? தலையில் தட்டினால் இறங்கும், பின்னால் தட்டினால் ஏறும். அந்தக் காது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. 5 மில்லி பிளேடுக்கு 100 கிராம் பித்தளைச் சுத்தியல் போதும்.


ஆம்பூர் தோல்காரன் எழுதியது:

நான் மரவேலை செய்கிறவன் இல்லை, தோல் தொழிலில் இருக்கிறேன், தீட்டுவதைப் பற்றி ஒன்று மட்டும். கல்லில் தீட்டியபிறகு தோலில் இழுப்பவர்கள் பலர் செருப்புக் கடையில் கிடைக்கிற மெத்தென்ற குரோம் தோலை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அது அமுங்கும், அமுங்கினால் நுனி உருண்டுவிடும். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய பழைய வகைத் தோல் நம் பக்கத்தில் இன்னும் கிடைக்கிறது. வெளிர்பழுப்பாக, விறைப்பாக இருக்கும். அதன் சொரசொரப்பான உள்பக்கத்தை மேலே வைத்து மட்டமான பலகையில் ஒட்டி, பச்சைப் பாலிஷ் கட்டியைத் தேயுங்கள். பிளேடைப் பின்னோக்கி மட்டும் இழுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு இழுப்பு போதும்.


காட்பாடி தச்சன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போய் வந்தேன். ஒரு உருட்டுமரம் கிடைத்தது, இரண்டரை அடி. என்ன மரம் என்று அண்ணாவுக்கே சந்தேகம், புளி வைரம் மாதிரி இருக்கிறது என்றார். தண்ணீரில் போட்டோம், மூழ்கியது. வளையம் நெட்டுக்குத்தாக வருகிற மாதிரி இரண்டு துண்டு எடுத்து 55 மில்லி அகலத்தில் அறுத்து வைத்திருக்கிறேன்.

பழைய தோதகத்தியை வெளியே எடுக்கும்போது ரிவெட்டைத் துளை போட்டுத்தான் எடுக்க முடிந்தது. ஒரு பக்கம் ஒட்டே இல்லை, கையோடு வந்தது. பிளேடை ஓவனில் வைத்தேன். வைக்கோல் நிறம் சரியாக வந்தது. நேற்று அப்பாவின் பழைய இழைப்புளியில் ஒரு புது ஆப்பு செதுக்கி இந்தப் பிளேடைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். நூறு இழுப்புக்குப் பிறகும் நுனி முழுசாக இருக்கிறது.

பித்தளைப் பட்டை விஷயத்தில் ஒரு சந்தேகம் ஐயா. ரிவெட் துளையைப் பக்கத்தகட்டின் வெளிப்பக்கம் சரிவாக அகட்ட வேண்டுமா? அகட்டினால் எத்தனை டிகிரி?


டூல்ரூம் பெரியவர், ராணிப்பேட்டை எழுதியது:

அகட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரிவெட் தலை அரம் போடும்போது போய்விடும். பெரிய கோணம் வேண்டாம். 6 மில்லி துளைக்கு வாயில் 7 வருகிற மாதிரி டேப்பர் ரீமரால் (துளையைச் சரிவாக அகட்டும் கருவி) இரண்டு சுற்று சுற்றினால் போதும். பித்தளைத் தகட்டில் அதே பித்தளைக் கம்பி, எஃகுத் தகட்டில் எஃகுக் கம்பி போட்டால் தேய்த்தபிறகு ரிவெட் இருந்த இடமே தெரியாது. பட்டையின் முனையில் துளையிட்டுக் கம்பியை ஏற்றுவதைவிட, பட்டையின் முனையையே அரம் போட்டு 6 மில்லி உருண்டைக் காம்பாக்கி, பக்கத்தகட்டின் துளை வழியாக வெளியே எடுத்துத் தட்டுவது இன்னும் உறுதி. பட்டை 5 மில்லி கனம் என்றேன், காம்புக்காக 8 மில்லி கனத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வாருங்கள். முத்துக்கடை பஸ் நிறுத்தத்தில் இறங்கிக் கூப்பிட்டால் வந்து கூட்டிப் போகிறேன். ரீமர் என்னிடம் இருக்கிறது. உருட்டுமரத் துண்டையும் கொண்டு வாருங்கள், இன்றைய அளவை என் வெர்னியரில் எடுத்து எழுதிவிடலாம். அடுத்த அளவு ஆடி முதல் தேதி.